பேஜ்மேக்கர் இன்னும் பழைய விண்டோஸிலேயே ஓடுவது ஏன்?

தமிழ்நாட்டின் சிறிய டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும்) நிலையங்களிலும், ஆஃப்செட் அச்சகங்களை ஒட்டிய வடிவமைப்பு அறைகளிலும், விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7ஓ ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒன்றை இன்றும் பார்க்கலாம். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் பக்கத்து மேசையில் இருக்கும் புதிய கணினிக்குப் போய்விட்டிருக்கும். பழைய கணினியில் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0, படம் வரையும் மென்பொருளான கோரல்டிராவின் ஏதோ ஒரு முந்தைய பதிப்பு, நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்கள், பதினைந்து இருபது ஆண்டுகளில் சேர்ந்த கோப்புகள் ஆகியவை மட்டும் இருக்கும். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரி 14 அன்றும் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துபோனது. இருந்தும் அந்தக் கணினி நகரவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைச் சோம்பல் என்றும் கஞ்சத்தனம் என்றும் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. அந்தக் கணினியில் உள்ள தமிழ் உரை மூன்று பூட்டுகளுக்குள் இருக்கிறது: எழுத்துருவின் குறியீட்டு முறை ஒன்று, பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு முறை இன்னொன்று, அந்த மென்பொருளைத் தாங்கி நிற்கும் இயங்குதளம் மூன்றாவது. இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் கைவிட்டுவிடும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அதனால்தான் எதையும் தொடாமல் வைத்திருக்கிறார்கள்.

பேஜ்மேக்கரை உருவாக்கியது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த ஆல்டஸ் நிறுவனம். அதன் முதல் பதிப்பு 1985இல் மெக்கின்டோஷ் கணினிக்காகவும், 1987இல் விண்டோஸுக்காகவும் வந்தது. ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும், பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும், பேஜ்மேக்கரும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் அச்சுக்கோப்பு அறை ஒரு மேசைக்குள் அடங்கியது. 1994இல் அடோபி, ஆல்டஸை வாங்கியது. 1999இல் அதே அடோபி, இன்டிசைன் என்ற புதிய பக்க வடிவமைப்பு மென்பொருளை வெளியிட்டது. 2001இல் வந்த 7.0தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு. 2004இல் அதன் வளர்ச்சியையே நிறுத்தினார்கள். எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டா வருவதற்கு முன்பே நிறுத்தப்பட்ட மென்பொருள் அது. விஸ்டாவிலோ அதற்குப் பிந்தைய எந்த விண்டோஸிலோ அது ஓடும் என்று அதை உருவாக்கியவர்கள் ஒருபோதும் உறுதி சொன்னதில்லை.

உலகின் பிற பகுதிகளில் பெரும்பாலானோர் அப்போதே இன்டிசைனுக்கு மாறிவிட்டார்கள். தமிழ் ஏன் மாறவில்லை என்பதற்கான பதில் எழுத்துருவில் இருக்கிறது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுக் குறியீடான யூனிகோட் பேஜ்மேக்கருக்குத் தெரியாது. ஓர் எழுத்துருவில் 256 இடங்கள்தான் உண்டு என்ற கணக்கில் எழுதப்பட்டது அது. அவற்றிலும் முதல் 32 இடங்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்குப் போய்விடும். தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியாக வைக்க அங்கே இடம் போதாது. ஆகவே எழுத்துருவை உருவாக்கியவர்கள் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் ஆகியவற்றைத் தனி வடிவங்களாகப் பிரித்து, ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தார்கள். எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு, டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும், தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. ஆனால் அதற்குள் பாமினி போன்ற எழுத்துருக்கள் வேரூன்றிவிட்டன; வணிக எழுத்துருத் தொகுப்புகள் தத்தம் குறியீடுகளோடு அச்சகங்களுக்குள் போய்விட்டன.

பாமினியில் தட்டச்சு செய்த ஒரு கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, அந்தக் கணினியைப் பொறுத்தவரை அங்கே முதலிலிருந்தே ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. அவற்றைத் தமிழாகக் காட்டியது எழுத்துருவின் வேலை. எழுத்துருவை இழந்தால் உரையையும் இழந்தோம் என்றே பொருள். ஒரே பெயரில் வந்த இரண்டு எழுத்துருக்களின் அட்டவணை சற்றே வேறுபட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் பக்கம் முழுவதும் சரியாகத் தெரியும்போது ஒன்றிரண்டு எழுத்துகள் மட்டும் மாறியிருக்கும். பிழை திருத்துபவரின் கண்ணுக்குக்கூட அது எளிதில் தப்பிவிடும்.

இயங்குதளம் இங்கே நுழைகிறது. 256 இடங்களில் 160ஆம் இடம் பிரியா இடைவெளி, 173ஆம் இடம் வரிமுனையில் மட்டும் தோன்ற வேண்டிய மென்கோடு என்று மேலை மொழிகளுக்கான பட்டியல் சொல்கிறது. பழைய மென்பொருள்கள் இதைப் பொருட்படுத்தாமல் அங்கே இருந்த வடிவத்தை அப்படியே வரைந்தன. பிந்தைய மென்பொருள்கள் பட்டியலை மதித்து நடந்தன. விளைவாக அந்த இடத்தில் உட்காரவைக்கப்பட்ட தமிழ் எழுத்து திரையிலிருந்தே மறைந்தது. புதிய கணினிக்கு மாறிய ஒரு நிலையத்தில் குறிப்பிட்ட ஓர் எழுத்து மட்டும் எல்லாப் பக்கங்களிலும் விடுபட்டால், காரணம் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

அடுத்தது டாங்கிள். விலை கொடுத்து வாங்கிய தமிழ் எழுத்துருத் தொகுப்புகள் பலவும், திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்காக, கணினியின் பின்புறம் செருகும் ஒரு சிறு பூட்டோடு வந்தன. தொடக்கத்தில் அது அச்சுப்பொறிக்கான பேரலல் போர்ட்டில் செருகப்பட்டது. இன்றைய மதர்போர்டுகளில் அந்தப் போர்ட் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும், அந்தப் பூட்டை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் நிரல் 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது, ஏனெனில் இயங்குதளத்தின் கருப்பகுதிக்குள் நுழையும் டிரைவர் 64 பிட்டுக்காகவே எழுதப்பட்டு, முறையாகக் கையொப்பமும் இடப்பட்டிருக்க வேண்டும். நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவர்தான் இந்தச் சிக்கலில் முதலில் மாட்டுகிறார் என்பது வருத்தத்துக்குரியது.

பேஜ்மேக்கரும் தன் பங்குக்குப் புதிய விண்டோஸில் முரண்டு பிடிக்கும். விருப்பத்தேர்வுகளையும் அச்சுப்பொறி விவரங்களையும் தன் நிறுவல் கோப்புறைக்குள்ளேயே எழுதும் பழக்கம் அதற்கு உண்டு. விஸ்டா முதல் விண்டோஸ் அந்தக் கோப்புறையைச் சாதாரணப் பயனரிடமிருந்து பூட்டிவிட்டது. அதனால் நிர்வாகி உரிமையோடு திறந்தால் ஓடும், இல்லாவிட்டால் அமைப்புகளை மறந்துவிடும். பிடிஎஃப் எடுக்க அது போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறி டிரைவரையும், அதன் வெளியீட்டைப் பிடிஎஃப் ஆக்கும் பழைய அக்ரோபாட் டிஸ்டில்லரையும் நம்பியிருக்கிறது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் அச்சுக்கோப்பு வெளியே வராது. அதற்கும் முந்தைய விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருள்களுக்கு 64 பிட் விண்டோஸில் இடமே இல்லை. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் அந்தக் கதவு முழுமையாக அடைபட்டுவிட்டது.

இவையெல்லாம் தொழில்நுட்பக் காரணங்கள். பதிப்பகங்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய காரணம் மறுபதிப்பு. முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்று 2005இல் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் ஒவ்வோர் எழுத்தின் அகலமும் சிறிதளவு வேறுபடும். வரிகள் வேறு இடத்தில் முறியும். பத்திகள் நீளும் அல்லது சுருங்கும். முந்நூறு பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டாகலாம். அப்போது பொருளடக்கமும் சொல்லடைவும் அடிக்குறிப்புகளும் தப்பாகிவிடும். பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) கணக்கு மாறும். முழுப் புத்தகத்தையும் திரும்ப மெய்ப்புப் பார்க்க வேண்டும். பழைய கணினியைத் திறந்து, கோப்பை ஏற்றி, ட்ரேசிங் தாளில் அச்செடுத்தோ பிடிஎஃப் எடுத்தோ அச்சுத் தகடான பிளேட்டுக்கு அனுப்பினால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை இது. ஐந்நூறு பிரதி மறுபதிப்புக்காக ஒரு மாத உழைப்பைச் செலவிடத் தயங்கும் பதிப்பாளரைக் குறைசொல்ல முடியாது.

தமிழுக்கு மாற்று வெகு காலம் இல்லாமலும் இருந்தது. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோட் தமிழைக் காட்டத் தொடங்கியது. ஆனால் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பத்துக்கான முறையான ஆதரவு இன்டிசைனில் வந்தது 2012இல் வெளியான சிஎஸ்6 பதிப்பில்தான். யூனிகோட் தமிழ் விண்டோஸுக்குள் வந்த பிறகும் ஒரு பன்னிரண்டு ஆண்டுகள், பக்க வடிவமைப்பில் அதை முறையாகப் பயன்படுத்த வழியில்லாமல், டிடிபி துறை பழைய குறியீட்டிலேயே கோப்புகளைக் குவித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அடோபி, இனி நிரந்தர உரிமம் இல்லை, சந்தா மட்டுமே என்று அறிவித்தது. தமிழுக்குக் கதவு திறந்த வேளையில் நுழைவுக்கட்டணம் மாத வாடகையாக மாறியது. திருமண அழைப்பிதழும் பில் புத்தகமும் அடித்துக் கொடுத்து வாழும் கடைக்கு அது சிறிய தொகை இல்லை. பல கடைகளில் உரிமம் இல்லாத பிரதிகள் ஓடுவதையும் மறைக்க வேண்டியதில்லை. அது சட்டப்படி தவறு, அதோடு அத்தகைய பிரதிகளுடன் வந்து சேரும் தீநிரல்கள் தனி ஆபத்து.

ஆபத்து என்று வரும்போது எது உண்மையான ஆபத்து என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இணையத்தோடு இணைந்த பழைய விண்டோஸ் அபாயகரமானது என்பதில் ஐயமில்லை. 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல், விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆன எக்ஸ்பிக்கும் அப்போது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக, ஓட்டையை அடைக்கும் ஒட்டுநிரல் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை ஒட்டுநிரல் இடப்படாத விண்டோஸ் 7 கணினிகளே. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்தப் பழைய பகிர்வு முறை இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டது. எக்ஸ்பிக்கு அது ஒன்றுதான் தெரியும் என்பதால், பழைய கணினியும் புதிய கணினியும் ஒரே அறையில் இருந்தும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள முடியாமல் போயின. இடையில் பாலமாக வந்தது பென்டிரைவ். வாடிக்கையாளர், அச்சகம், பிளேட் எடுக்கும் இடம் என்று எல்லாக் கைகளிலும் சுற்றிவரும் பென்டிரைவ்தான், வலைப்பின்னலிலிருந்து துண்டிக்கப்பட்ட கணினிக்கும் வைரஸைக் கொண்டுசேர்க்கும் வழி. 2008இல் தோன்றிய கான்ஃபிக்கர் புழு பரவிய வழிகளில் ஒன்று இதுவே. வெளியாரின் பென்டிரைவைப் பழைய கணினியில் நேராகச் செருகாமல், புதிய கணினியில் சோதித்து, அதற்கென்று தனியாக வைத்திருக்கும் வேறொரு பென்டிரைவில் மாற்றிக்கொண்டு போவது செலவில்லாத பாதுகாப்பு.

ஆயினும் வைரஸைவிட எனக்குக் கவலை தருவது வன்பொருளின் வயதுதான். அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் என்றோ ஒரு நாள் நின்றுவிடும். மதர்போர்டின் கன்டென்சர்கள் வீங்கும். மாற்றுக் கணினியில் எக்ஸ்பியை நிறுவ முயன்றால், இன்றைய டிஸ்க் இணைப்புகளுக்கான டிரைவர் எக்ஸ்பியின் நிறுவல் தட்டில் இல்லாததால் நீலத்திரையோடு நின்றுவிடும். அதைத் தாண்டினாலும் திரைக்கும் வலைப்பின்னலுக்கும் டிரைவர் கிடைக்காது. இருபது ஆண்டு உழைப்பின் ஒரே வாசிக்கத்தக்க பிரதி அந்த டிஸ்கில் இருக்கிறது என்றால், அது ஓடிக்கொண்டிருக்கும் இன்றே செயல்பட வேண்டும்.

முதல் வேலை, அந்தக் கணினியை அப்படியே மெய்நிகர் கணினியாக மாற்றிவைப்பது. மைக்ரோசாஃப்டின் சிசின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள டிஸ்க்2விஹெச்டி என்ற சிறு கருவி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் முழு டிஸ்கையும் ஒரே கோப்பாக எழுதிக் கொடுக்கும். அந்தக் கோப்பை விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஏற்றினால், புதிய கணினியின் ஒரு சன்னலுக்குள் பழைய கணினி எழுந்து நிற்கும். வன்பொருள் மாறிவிட்டதாக நினைத்து விண்டோஸ் மீண்டும் செயலாக்கம் கேட்கக்கூடும். கணினியோடு ஒட்டி விற்கப்பட்ட உரிமம் இந்த இடமாற்றத்தை அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். யூஎஸ்பி டாங்கிளை மெய்நிகர் கணினிக்குள் அனுப்ப முடியும். பேரலல் போர்ட் டாங்கிள்தான் பெரும்பாலும் இங்கே தோற்கும். மெய்நிகர் கணினியின் வலைப்பின்னல் இணைப்பை முழுவதுமாக அணைத்துவிட்டு, எல்லாம் சரியாக ஓடும் நிலையில் ஒரு நிலைப்பதிவு எடுத்துக்கொண்டால், பிறகு எது கெட்டாலும் அந்த நாளுக்குத் திரும்பலாம். மறுபதிப்பு வேலைகளுக்கு இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் போதுமானது.

அடுத்தது உரையை விடுவிப்பது. இதில் இரண்டு தனித்தனி வேலைகள் உள்ளன என்பதைப் பலரும் தொடக்கத்தில் கவனிப்பதில்லை. பேஜ்மேக்கர் கோப்பை வேறு மென்பொருளில் திறப்பது ஒரு வேலை. இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையிலான கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பிறகு வந்த சந்தாப் பதிப்புகள் திறக்காது. கட்டற்ற மென்பொருள்களில் லிப்ரேஆஃபிஸின் டிரா 2015 முதல் இந்தக் கோப்புகளைப் படிக்கிறது. ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் டிரா பயன்படுத்தும் அதே நிரலகத்தைக் கொண்டு படிக்கிறது. ஆனால் இவற்றில் திறந்தாலும் உள்ளே இருப்பது பழைய குறியீட்டு உரைதான். அதை யூனிகோடாக மாற்றுவது இரண்டாவது வேலை.

‘கொடி’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். பழைய கோப்பில் அது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து க, அடுத்து துணைக்கால், கடைசியில் ‘டி’ என்ற முழு வடிவம் தனி ஒரு குறியாக. யூனிகோடில் அது ஒலிக்கும் வரிசையில் இருக்க வேண்டும்: க, அதன்பின் ஒகரக் குறி, ட, அதன்பின் இகரக் குறி. மாற்றும் கருவி கொம்பைக் கண்டதும் நின்று, அடுத்த மெய்யைப் பார்த்து, அதற்குப் பின் கால் இருக்கிறதா என்று சோதித்து, மூன்றையும் சேர்த்து இடம் மாற்றி எழுத வேண்டும். என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இதை நன்றாகவே செய்கின்றன. அவை தடுமாறுவது கலப்பு உரையில்: ஒரு பத்தியின் நடுவில் ஆங்கில எழுத்துருவில் அடித்த நிறுவனப் பெயர் இருந்தால், கருவிக்கு அதுவும் பாமினி எழுத்துகளாகவே தெரியும், அந்தப் பெயர் பொருளற்ற தமிழாக மாறிவிடும். இதைத் தவிர்க்க, உரையைப் பேஜ்மேக்கரிலிருந்து வெறும் உரையாக எடுக்காமல், எழுத்துருப் பெயர்களோடு ஆர்டிஎஃப் கோப்பாக எடுக்க வேண்டும். எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் உள்ளது என்ற தகவல் அதில் இருக்கும். தமிழ் எழுத்துருவில் உள்ள துண்டுகளை மட்டும் தேர்ந்து மாற்றலாம். பேஜ்மேக்கரும் அந்த எழுத்துருக்களும் ஓடும் கணினி கைவசம் இருக்கும்போது இதைச் செய்வது எளிது, ஏனெனில் மாற்றிய உரையை மூலப் பக்கத்தோடு உடனே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பிடிஎஃப் எடுத்து வைத்திருக்கிறோமே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிடிஎஃப் பக்கத்தின் தோற்றத்தைக் காப்பாற்றும். பழைய குறியீட்டில் உருவான பிடிஎஃப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் மீண்டும் ஆங்கில எழுத்துகள்தான் வரும். தேடுபொறிக்கும் பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானுக்கும் அந்தப் புத்தகத்தில் தமிழே இல்லை. கோரல்டிராவில் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி அனுப்பிய அழைப்பிதழ்களிலும் ஃபிளெக்ஸ் பலகைகளிலும் உரை என்பதே எஞ்சியிருக்காது. அவை அப்படியே போகட்டும். அவற்றின் ஆயுள் சில நாள்கள்தான். நாவல், ஆய்வு நூல், ஊர் வரலாறு, கோயில் தலவரலாறு, சிற்றிதழ்த் தொகுதி என்று பழைய டிஸ்குகளில் கிடப்பவற்றுக்கு அந்த நியாயம் பொருந்தாது. எதை முதலில் மாற்றுவது என்ற கேள்வி வந்தால், மறுபதிப்பு வாய்ப்பே இல்லாத நூல்களைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். விற்கும் புத்தகத்தை யாராவது ஒருவர் மறுபடியும் தட்டச்சு செய்துவிடுவார்.

புதிய நூல்களைப் பழைய முறையில் தொடர்வதற்கு இப்போது காரணம் மிகக் குறைவு. இன்டிசைனுக்குச் சந்தா கட்ட இயலாதவர்களுக்கு, தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஸ்கிரைபஸ் 1.6 இலவசமாகவே கிடைக்கிறது. அச்சகத்துக்கு வேண்டிய நான்கு வண்ணப் பிடிஎஃப்பை அது நேரடியாகத் தரும். தட்டச்சு செய்பவர்களின் தயக்கம் பெரும்பாலும் விரல் பழக்கத்தைப் பற்றியது: பாமினியிலோ பழைய தட்டச்சு முறையிலோ இருபது ஆண்டு வேகமாக அடித்துப் பழகிய கைக்குப் புதிய விசைப்பலகையைக் கற்றுக்கொடுப்பது கொடுமைதான். அதற்குத் தேவையே இல்லை. என்ஹெச்எம் ரைட்டர், இ-கலப்பை ஆகிய இலவசக் கருவிகளில் பாமினி விசைப்பலகையும் பழைய தட்டச்சு விசைப்பலகையும் இருக்கின்றன; விரல்கள் பழைய இடங்களிலேயே விழும், கோப்பில் பதிவாவது யூனிகோடாக இருக்கும்.